கைக்குத் தெரிந்தது

1

கைத்தொழிலைப் பற்றி எழுத்தாளர்கள் எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நம் எழுத்தில் தச்சன் வந்தால் அவன் ஞானியாகத்தான் வருவான். குறைவாகப் பேசுவான். உளியை எடுப்பதற்கு முன் ஒரு கணம் மரத்தைப் பார்ப்பான். அந்த ஒரு கணத்தில் எழுத்தாளன் உபநிஷத்தையோ ஜென் பௌத்தத்தையோ நுழைத்துவிடுவான். தச்சனுக்கு அன்றைய கூலி கிடைத்ததா, அவன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் வராது. இதற்கு நேர் எதிரான மனோபாவமும் நம்மிடையே உண்டு: கை செய்வது வெறும் பழக்கம், சிந்தனை புத்தகத்திலிருந்து தொடங்குகிற சமாச்சாரம் என்பது. பார்க்கப்போனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. இரண்டு தரப்பும் உளியைப் பிடித்தவர்கள் இல்லை.

குமரி மாவட்டத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் மேற்கூரையைப் பிரித்து, இற்றுப்போன மரங்களை மாற்றி, திரும்பக் கோக்கும் வேலையில் ஒரு மூத்த ஆசாரியிடம் நான் எடுபிடியாக இருந்தேன். பிறகு அவர் போன வேறு இரண்டு வேலைகளுக்கும் கூடப் போனேன். எல்லாம் சேர்ந்து இரண்டு வருஷம். அதிலும் விடுமுறை நாட்கள்தாம். இதனால் நான் தச்சனாகிவிடவில்லை. ஆனால் கற்றல் என்கிற காரியம் அங்கே எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து பார்க்க அது போதுமானதாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். அதிலிருந்து எழும் ஒரு தார்மீகச் சிக்கலையும் பேச வேண்டும். சிக்கல் இதுதான்: இந்த அறிவு உயர்ந்தது, இது அழிவது நஷ்டம் என்று நாம் நிஜமாகவே நம்புகிறோம். இந்த அறிவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த முறை அநியாயமானது என்றும் நம்புகிறோம். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு நேர்மையாக இருக்க முடியுமா?

2

தென் திருவிதாங்கூரின் மரக்கூரை எப்படிப்பட்டது என்று பார்க்க விரும்புகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. 1956இல் எல்லைகள் மாறிய பிறகு தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. பராமரிப்பது கேரள அரசு. வருகிறவர்கள் தாய்க் கொட்டாரத்தில் பலாமரத் தூணின் செதுக்கு வேலையைப் பார்த்து வியந்து நிற்பார்கள். ஆசாரி அங்கே நுழைந்தால் தலையை அண்ணாந்து கூரையின் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மண் அது. செதுக்கு வேலை பிழைத்தால் அழகு குறையும். கூரை பிழைத்தால் வீடு போய்விடும்.

கூரையின் தர்க்கம் சொல்லிவிடக்கூடியதுதான். சுவரின் மேல் உத்தரம். உச்சியில் மோந்தாயம். இரண்டுக்கும் இடையே சாய்வாகக் கழுக்கோல்கள். எல்லாக் கழுக்கோல்களிலும் ஒரே வரிசையில் துளையிட்டு, அத்துளைகளின் வழியே வளை என்கிற சதுரக் கம்பை ஊடே செலுத்தி, கோல்களை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறார்கள். இரும்பாணி வேண்டியதில்லை. மேலே ஓட்டின் பாரம் ஏற ஏற, கோப்பு இறுகும். தேவையானபோது பிரித்து, மரங்களுக்கு அடையாளமிட்டு, வேறிடத்தில் மறுபடி கோக்கலாம்.

நேராக ஓடும் பகுதியில் இதைச் செய்ய நிதானம் போதும். நான்கு பக்கமும் சரியும் கூரையில் மூலைக்கு வரும்போதுதான் சங்கதி வேறாகிறது. அங்கே கோல்கள் விசிறிபோல் விரிகின்றன. வளையோ நேராகத்தான் போகவேண்டும். ஆகவே ஒவ்வொரு கோலிலும் துளையின் சாய்வு வேறு. முதல் கோலில் ஏறக்குறைய நேராக இருக்கும் துளை, மூலையை நெருங்க நெருங்கக் கோணலாகிக்கொண்டே போகிறது. இந்தத் துளைகளைத் தனித்தனியே, கோல்கள் தரையில் கிடக்கும்போதே வெட்டிவிட வேண்டும். எல்லாம் மேலே ஏறி நின்ற பிறகு ஒரு முனையில் செலுத்திய வளை எங்கும் முட்டாமல் மறுமுனையில் வெளிவர வேண்டும்.

இதற்குக் கணக்கு உண்டு. ஆசாரி தரையைச் சமப்படுத்தி, நூல் பிடித்து, கூரையின் பாதியை முழு அளவில் மண்ணிலேயே வரைந்தார். கோணங்களைப் பாகையில் அவர் ஒருபோதும் சொன்னதில்லை. இத்தனை கோலுக்கு இத்தனை விரல் ஏற்றம் என்று விகிதமாகத்தான் பேசுவார். நான் காகிதத்தில் திரிகோண கணிதம் போட்டு ஒரு கோலின் நீளத்தைக் கண்டுபிடித்தேன். அவர் நூலைப் பிடித்துக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவருடையது சீக்கிரம் முடிந்தது. ஆக, இதுவரை இருப்பது எழுத்தில் வரக்கூடிய அறிவு. படிப்பவன் புரிந்துகொள்ளக்கூடிய அறிவு. கைவேலையில் சிந்தனை இல்லை என்பவர்கள் முதலில் இந்த மண்ணில் வரைந்த கூரையின் முன் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

அடுத்தது மரம். கணக்கு எல்லாக் கோலையும் ஒன்றாகப் பாவிக்கும். மரம் அப்படி இல்லை. வெட்டிய மரம் உலரும்போது நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்கில் சுருங்குகிறது, அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே போகும் திசையைப் போல் சுமார் இரண்டு மடங்கு. சதுரமாக அறுத்த பச்சை மரம் உலர்ந்த பின் சதுரமாக இருக்காமல் போவது இதனால்தான். எந்த முகத்தை மேலே வைப்பது, எந்தப் பக்கம் வளையும், வளைந்தால் பாரம் அதை நிமிர்த்துமா இன்னும் வளைக்குமா என்று ஒவ்வொரு மரத்துக்கும் தனியாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வெளிப்புறத்து வெள்ளையை விட்டு வைரம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பூச்சி முதலில் தின்பது வெள்ளையைத்தான். தேக்கு ஒரு மாதிரி, அயினி ஒரு மாதிரி, பலா ஒரு மாதிரி. ஒரே அயினியில் அடிமரம் ஒரு மாதிரி, நுனி வேறு மாதிரி.

உளி நாரோடு போகும்போது ஒரு சப்தம், நாருக்கு எதிராகத் திரும்பப்போகும்போது வேறு சப்தம். திரும்பிவிட்ட பிறகு எல்லோருக்கும் தெரியும், மரம் பிய்ந்துபோயிருக்கும். திரும்பப்போகிறது என்று ஒரு கணம் முன்னால் தெரிய வேண்டும். எப்படித் தெரிகிறது என்று அவரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அது கைக்குல்லா தெரியும், எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னார்.

3

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் நம்மவர்கள் குஷியாகிவிடுவார்கள். மைக்கேல் பொலான்யி 1966இல் வெளியிட்ட நூலில், மனிதன் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறான் என்று வாதித்தார். சுவாங் ட்ஸு கதையில் வரும் சக்கரத் தச்சன், பிரபு படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் செத்துப்போனவர்களின் சக்கை என்கிறான். தன் கைக்குத் தெரிந்ததைத் தன்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை, மகனுக்குக்கூடக் கற்றுத்தர இயலவில்லை என்கிறான். சொல்லின் போதாமைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்று நாம் மேற்கோள் காட்டிக் காட்டி அந்தக் கதையைத் தேய்த்துவிட்டோம். கதையில் இன்னொரு விவரம் இருக்கிறது. அதனால்தான் எழுபது வயதிலும் நான் சக்கரம் செதுக்கிக்கொண்டிருக்கிறேன் என்கிறான் அவன். நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். சொல்ல முடியாத அறிவின் விலையை அங்கே ஒரு கிழவனின் உடம்பு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு வருஷத்தில் எனக்குத் தெளிவானது, 'சொல்ல முடியாதது' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதில் மூன்று தனித்தனிச் சரக்குகள் இருக்கின்றன என்பது. முதலாவது, நிஜமாகவே சொல்ல முடியாதது: உளியின் சப்தம் மாறப்போகும் அந்தக் கணம். இதை யாரும் ஒளிக்கவில்லை. மொழி அதற்கு மிகவும் கரடானது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்று, ஆயிரம் முறை வெட்டினால் வரும். இரண்டாவது, சொல்லப்படாதது. கேட்பார் இல்லாததால் யாரும் சொல்லவில்லை. உத்தரத்தில் எந்தப் பக்கம் மேலே என்று நான் கேட்டபோது ஆசாரி அரை மணி நேரம் மிகத் தெளிவாகச் சொன்னார். அதில் சூட்சுமம் எதுவும் இல்லை. இத்தனை வருஷமும் அவரிடம் படித்தவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. மூன்றாவது, சொல்லக்கூடாதது. குலத்துக்குள் வைத்திருந்தது. சில விகிதங்கள், சில மூலைக்கணக்குகள் மருமகனுக்குக்கூடச் சொல்லப்படவில்லை. ஏன் என்பதற்கு ஆன்மிகக் காரணம் கிடையாது. அதுதான் அவர்கள் சொத்து. வேறு சொத்து இல்லை.

எழுதப்பட்டவையும் இதே பிளவைக் காட்டுகின்றன. பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூஸத் இயற்றிய 'மனுஷ்யாலய சந்திரிகா' கேரள மரபின் வீடுகட்டும் நூல்களில் பிரசித்தமானது. அது சமஸ்கிருதத்தில் இருக்கிறது. அளவுகள், திசைகள், விகிதங்கள் எல்லாம் உண்டு. உளி பிடிக்கிற கை அதில் இல்லை. எழுதியவர் பிடிக்கவில்லை, பிடித்தவர் எழுதவில்லை. இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுத்தான் நாம் 'கையின் மௌனம்' என்று கவிதை எழுதுகிறோம். மௌனம் பாதி மரத்தினால் வந்தது. மீதிப் பாதி சமூகத்தினால் வந்தது. இரண்டையும் கலந்து ஒரே ரகசியமாக்கி வணங்குவது சோம்பேறித்தனம் மட்டுமில்லை, அநியாயத்துக்குத் துணைபோவதும்கூட.

4

இந்த இடத்தில் ஆனந்த குமாரசுவாமியைப் பேசாமல் முடியாது. 1877இல் கொழும்பில் பிறந்த இந்தத் தமிழ் வம்சத்தவர், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெரிய நூலையும் 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றிய சிறு நூலையும் வெளியிட்டார். கலைஞன் வேறு, தொழிலாளி வேறு என்று பிரிக்காத ஒரு சமூகம் இருந்தது, அதில் தொழில் வழிபாடாக இருந்தது என்பது அவர் வாதம். தொழில் பிறப்போடு வருவதை அவர் குறையாகப் பார்க்கவில்லை. அதைத்தான் பலமாகப் பார்த்தார். நம் விமரிசகர்கள் பலருக்கும் கைவினை பற்றிய பார்வை அவரிடமிருந்தோ, அவர் வழியாக வந்தவர்களிடமிருந்தோ கிடைத்ததுதான்.

அவர் அந்த 1908 நூலை, வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்தில், இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே அச்சிடுவித்து, அச்சு வேலையைத் தாமே மேற்பார்த்தார். அழகான காரியம். நிலவியல் படித்தவர் அச்சுத் தொழிலுக்கு வந்தார். வேண்டாமென்றால் விட்டும் போயிருப்பார். அதாவது கைவேலை அவருக்கு ஒரு தெரிவு. அந்த நூலில் அவர் போற்றிய கண்டிச் சிற்பிக்கும் தச்சனுக்கும் அது தெரிவாக இருக்கவில்லை. அவர் நூலின் மிக முக்கியமான வாக்கியம் எழுதப்படாத இந்த வாக்கியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜார்ஜ் ஸ்டர்ட் வேறு மாதிரி. பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1884இல் தகப்பனார் இறந்ததும் ஃபார்னம் ஊரில் குடும்பத்தின் வண்டிப் பட்டறையை ஏற்றுக்கொண்டார். தம் ஆட்களிடமே தொழிலைக் கற்க முயன்றார். அவர்கள் அளவுக்குத் தாம் தேறப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. பட்டறையைக் காப்பாற்ற இயந்திரங்களைக் கொண்டுவந்தவரும் அவரே. 1923இல் வெளிவந்த அவருடைய பட்டறை நூலில் இந்த முரண்கள் மறைக்கப்படவில்லை. பத்து வருஷம் கழித்து எஃப்.ஆர். லீவிஸும் டெனிஸ் தாம்ஸனும் அந்த நூலை எடுத்து, இழந்துவிட்ட ஓர் ஒருமைப்பட்ட சமூகத்துக்குச் சாட்சியாக்கினார்கள். பட்டறையில் நின்றவன் எழுதியதில் கூலியும் குற்றவுணர்வும் இருந்தன. விமரிசகர்களிடம் வந்தபோது ஏக்கம் ஓங்கி நின்றது.

நம் நிலைமை ஸ்டர்டுடையதைவிடக் கடுமையானது. இங்கே பட்டறை என்பது சாதியும்கூட. 1936இல் அம்பேத்கர் எழுதியது நினைவில் இருக்க வேண்டும்: சாதி வேலைகளைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்துப் பூட்டியது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் பாதி வேளை பள்ளியிலும் மீதி வேளை பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று வந்தபோது, தமிழ்நாடு அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தது. 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. 2023இல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்திலும், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குறித்து இதே கேள்விதான் எழுந்தது. அந்த வடிவத்தில் அதை ஏற்க 2024இல் தமிழக அரசு மறுத்தது. எழுபது வருஷமாகியும் கேள்வி ஆறவில்லை.

ராஜாஜியின் ஆதரவாளர்கள் கேட்டது அற்பமான கேள்வி இல்லை: கையால் கற்பது கல்வி ஆகாதா? ஆகும். நான் இரண்டு வருஷம் அதற்குச் சாட்சி. அப்படியானால் வக்கீலின் பையனும் பாதி வேளை இழைப்புளி பிடித்திருக்க வேண்டும். காந்தி 1937இல் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் எல்லாக் குழந்தைக்கும் பொதுவாக இருந்தது. 1953இல் அது அவரவர் அப்பனிடம் திரும்பிப்போனது. கல்விக்கும் விலங்குக்கும் வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஆசாரியின் பையன் ஆசாரியாவது எவ்வளவு உயர்ந்த கல்வியானாலும், அவனால் வேறொன்றாக ஆக முடியாது என்றால் அது கல்வி இல்லை.

நான் உதவிய ஆசாரிக்கு ஒரு மகன். டிப்ளமா படித்துவிட்டு வெளிநாட்டில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். பையன் தொழிலுக்கு வராததில் வருத்தமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு பெருமூச்சை எதிர்பார்த்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் சிரித்தார். "அவன் தப்பிச்சுக்கிட்டாம்லா சார்" என்றார். பிறகு உளியைத் தீட்டிக்கொண்டே, "ஆனா நீங்க வந்தது நல்லதுதான். கேக்கதுக்கு ஒரு ஆளு வேணும் பாத்துக்கிடுங்க" என்றார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. முரண்பாடு நம்முடையது.

5

இந்த அறிவு ரத்தத்தில் ஓடுகிறது என்பது பொய் என்று நிரூபிக்க வேறு தேசங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஜப்பானில் இஸே ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690இல் தொடங்கியது, உள்நாட்டு யுத்தங்களின் காலத்தில் நூறு வருஷத்துக்கும் மேல் நின்றுபோய், மறுபடி தொடர்ந்தது. 2013இல் நடந்தது அறுபத்திரண்டாவது; அடுத்தது 2033இல். இருபது வருஷம் என்பது புத்திசாலித்தனமான கணக்கு. முதல் முறை எடுபிடியாக வந்தவன் அடுத்த முறை தேர்ந்த கைகாரனாக வரலாம், அதற்கடுத்த முறை சொல்லித்தருகிறவனாக. அங்கே அறிவைக் காப்பாற்றுவது ஆவணக் காப்பகம் இல்லை, திரும்பத் திரும்ப வரும் வேலை.

பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயத்தின் ஓக் மரக் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்துபோனது. எரிவதற்குச் சில வருஷங்கள் முன்பே இரண்டு கட்டடக் கலைஞர்கள் அதை ஒவ்வொரு மரமாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்த வரைபடம் இல்லாவிட்டால் அதே கூரை திரும்பியிருக்காது. வரைபடம் மட்டும் இருந்திருந்தாலும் திரும்பியிருக்காது. கோடாலியால் ஓக் மரத்தைச் சதுரிக்கத் தெரிந்த தச்சர்கள் பிரான்சில் இன்னும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து கற்க வேறு நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நடுக்கூடத்தின் கூரை மரங்கள் கையாலேயே செதுக்கப்பட்டன. 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது. அந்தத் தச்சர்களில் பலர் தகப்பன் தொழிலுக்கு வந்தவர்கள் இல்லை. தெரிந்தெடுத்து வந்தவர்கள், கூலி வாங்கிக்கொண்டு, பெயரோடு வேலை செய்தவர்கள். 1997 முதல் பிரான்சின் கெதலோன் என்ற இடத்தில் பழைய முறையிலேயே ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் கற்க நிற்பதற்கு வம்சம் கேட்பதில்லை.

இவற்றையெல்லாம் அப்படியே இங்கே நட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. இஸேவுக்கு ஓர் ஆலயம் இருந்தது. பாரிஸுக்கு உலகத்தின் பணம் வந்தது. நம் ஊரில் கான்கிரீட் கூரைதான் கௌரவம். ஓட்டு வீட்டைப் பிரித்து மரத்தைப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்பவனை நாம் குறை சொல்ல முடியாது. அவன் வீட்டில் ஒழுகுகிறது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. இந்த அறிவு நிலைக்க மூன்று வேண்டும்: செய்வதற்கு வேலை, செய்கிறவனுக்கு மரியாதையான கூலி, கற்க வருகிறவனுக்குத் திறந்த கதவு. பிறப்பு இந்தப் பட்டியலில் இல்லை. இந்த மூன்றும் கிடைக்காத சமூகங்கள்தாம் பிறப்பைக் கொண்டு இட்டுநிரப்பின. மகனைக் கட்டிப்போட்டால் கூலியை உயர்த்த வேண்டாம்.

ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில்: முடியும். ஆனால் அதற்கு ஏக்கத்தை விட்டுவிட வேண்டும். அறிவு அழிவதைப் பற்றி வருந்துகிறவன் அந்த வருத்தத்தை ஆசாரியின் மகன்மேல் இறக்கி வைக்கக் கூடாது. காப்பாற்றும் கடமை அவனுடையது அன்று. அது முக்கியம் என்று நினைக்கிற எனக்கும் உங்களுக்கும்தான். அதுவும் நேரமாகவும் பணமாகவும் செலுத்த வேண்டிய கடமை, கவிதையாக அன்று.

6

நாமும் ஒருவகையில் தச்சுச் சொற்களில் பிழைக்கிறவர்கள்தாம். யாப்பு என்றால் கட்டுவது. செய்யுள் செய்யப்படுவது. நம் முன்னோர் கவிதையை ஒரு கைவேலையாகப் பார்த்ததற்கு மொழியிலேயே தடயம் இருக்கிறது. புதுக்கவிதை யாப்பை உதறியபோது, உதறியவர்களில் சிலருக்காவது எதை உதறுகிறோம் என்று கைக்குத் தெரிந்திருந்தது. இப்போது வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அதை நான் வீழ்ச்சி என்று சொல்லவில்லை. நாலு பேர் அவலோகிதத்தில் தட்டிப் பார்க்காமல் ஒரு வெண்பாவைக் காதால் திருத்தக்கூடியவர்களாக இருப்பது நல்லது என்று மட்டும் சொல்வேன். அந்த நாலு பேர் யார் வீட்டில் பிறந்தவர்களாகவும் இருக்கலாம்.

உருவகம் எடுத்துக்கொள்வதற்கும் ஒரு கூலி உண்டு. தச்சனின் மௌனத்தை எழுதுகிற நாம், அந்த மௌனத்தில் சொல்லக்கூடியதாக இருக்கும் பகுதியையாவது அவரிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் வார்த்தையில், அவர் பெயர் போட்டு எழுதி வைத்தால் அந்தக் கூலியில் கொஞ்சம் தீரும். சொல்ல முடியாதது அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும். நாம் நினைத்ததைவிட அது குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைந்த மிச்சத்தைக் கற்க, கொட்டாப்புளியைக் கையில் எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.